படுகளத்து இரும்புப் பூ

திருத்தணி கடைத்தெருவில் ரவிக்கை தைக்கிற எனக்கும் பட்டாளத்து முகாமுக்கும் என்ன உறவு என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். கூத்து உடுப்புதான் உறவு. என் அக்கா புருஷன், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், ஒரு கூத்து ஜமாவுக்கு வாத்தியார். என் தம்பி அதே ஜமாவில் கதாயுதம் தூக்குகிற வேஷம் கட்டுகிறவன். இரண்டு பேருக்கும் ஜிகினா வைத்துத் தைத்தே என் கண் பாதி போய்விட்டது.

பள்ளிப்பட்டு சாலையில் பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன முகாம் பல வருஷம் சும்மா கிடந்தது. தகர ஷெட்டுகள், சுட்டுப் பழகுகிற மைதானம், அதன் கோடியில் மண்மேடு, சுற்றிலும் முள்கம்பி, கேட்டுக்கு வெளியே ஏரி. ஆடு மேய்க்கக்கூட உள்ளே விடமாட்டார்கள். அதை ஊருக்கான கலைத்திடலாக மாற்றித் தரவேண்டும் என்று நாங்கள் சிலர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். நான் அலைந்தது பெரிய கலை ஆர்வத்தால் இல்லை. எங்கள் அம்மன் கோயில் கூத்து நடந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். இடமில்லாமல் கூத்து நின்றால் தம்பி சென்னையில் ஏதாவது கம்பெனி வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் நிற்பான். அதைப் பார்க்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் தற்காலிக அனுமதி கிடைத்தது. ஒரு ஷெட்டில் பம்பைக்காரர்கள், ஒன்றில் பெண்பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு, ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை நாடகம், ஒன்றில் எங்கள் ஜமா. பட்டாளத்திலிருந்து ஒருவர் வந்தார். மைதானத்தைத் துழாவிப் பார்த்தாயிற்று, ஆனாலும் மண்ணில் எந்த இரும்பைப் பார்த்தாலும் தொடாமல் விலகி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள் என்று எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லி, படம் போட்ட பலகையைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.

அனுமதி கொடுத்த அதிகாரி அம்மா பழைய பூட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்தபோது சிரிக்கவே இல்லை. "யாருக்காவது சின்னக் காயம்னாலும் இதே பூட்டு மறுபடி தொங்கும்மா. அப்புறம் என் முன்னாடி வந்து நிக்கக்கூடாது" என்றார். அன்றிலிருந்து அந்தப் பூட்டை என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். வேறெங்கே வைத்தாலும் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

கூத்தின் கடைசி நாள் படுகளம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். களத்தில் மண்ணால் ஒரு அரசனைச் செய்து மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். ஒரு பஸ் நீளத்துக்குக் கிடப்பான். அவன் தொடையில் குங்குமத் தண்ணீர் நிரப்பிய பானையைப் புதைத்திருப்பார்கள். அரசன் வேஷக்காரன் அந்த உடம்பின் மேலேறி ஓட, கதாயுதக்காரன் துரத்துவான். கூட வருகிற சாமி வேஷம் தன் தொடையைத் தட்டி ஜாடை காட்டும். ஜாடை கிடைத்தால்தான் கதாயுதம் மண் தொடையில் இறங்கும். பானை உடைந்து சிவப்பு தெறிக்கும். அதைத் தொட்டுத்தான் அம்மன் வேஷக்காரர் அவிழ்ந்த கூந்தலை முடிவார். பிறகு தீமிதி. அரசன் சாகாமல் கூந்தல் முடியக்கூடாது, யாரும் தீயில் இறங்கவும் கூடாது.

அந்த வருஷம் நான் ஜிகினா வாங்கச் சென்னைக்குப் போய், அங்கேயே தங்கி, காலை ரயிலில் திரும்பினேன். ஆட்டோ பிடித்துத் திடலுக்கு வந்தபோது மேளம் ஏறிவிட்டது. அரசன் முழுசாகப் படுத்திருந்தான். இந்த முறை தலைமாட்டில் தொடங்கிக் கால்வரை மண்மேட்டின் அடிவாரத்தையே வெட்டி, செதுக்கி, மேலே மண் பூசி எழுப்பியிருந்தார்கள். சுற்றிலும், மேட்டின் மேலும் சனம். குழந்தைகளெல்லாம் நன்றாகத் தெரியட்டும் என்று அவன் காலடியிலேயே உட்கார்ந்திருந்தன.

மஞ்சள் அரைத்துக் கொடுக்கிற அத்தை என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து நீ இல்லாம போயிட்டியே! நல்ல சகுனம்மா. மண்ணு வெட்டிகினு இருந்தாங்களா, மேட்டாண்ட ஒரு இரும்புப் பூ. ஆறு இதழு. மலைமேல இருக்கிறவன் நம்ம களத்துக்கே எறங்கி வந்துட்டான்னு மஞ்ச பூசி, கற்பூரம் காட்டினோம்."

"எடுத்துட்டீங்களா அத்த?"

"இன்னா பேச்சு பேசற? பூமியில வந்தத்த எடுப்பாங்களா? அது இருந்த எடத்துலயே தொடய புடிச்சிட்டாங்க. பானயகூட அதும்மேலதான் வச்சிருக்குது."

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு என்றால் எங்களுக்கு முருகன்தான். ஆறு முகம், ஆறு எழுத்து என்று கேட்டே வளர்ந்தவர்கள். கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டேன். பையை வைக்க ஷெட்டுக்குள் போனபோதுதான் சுவரில் இருந்த பலகை கண்ணில் பட்டது. படத்தில் ஒரு சின்ன பீரங்கிக் குண்டு படுத்துக்கிடந்தது. கூர்மூக்கு, உருண்ட வயிறு, ஓரத்தில் வால். நான் கழுத்தைச் சாய்த்து அந்த வாலை மட்டும் பார்த்தேன். தகடு தகடாக விரிந்திருந்தது. மூக்கு மண்ணில் குத்தி, வால் மட்டும் மேலே பார்த்தால் எப்படியிருக்கும்?

பூ மாதிரிதான் இருக்கும்.

அந்தப் படத்தை எல்லோருமேதான் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் மண்ணில் பார்த்தது குண்டு இல்லை, பூ. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அதன் தலைமேலேயே கற்பூரம் கொளுத்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் இப்போது ஒரு ஆள் ஓடப் போகிறான். என் கூடப் பிறந்தவன் தன் பலத்தையெல்லாம் கூட்டி அங்கேயே அடிக்கப் போகிறான்.

வெளியே ஓடினேன். வாய்வரை வந்த கத்தலை விழுங்கிக்கொண்டேன். குண்டு என்று ஒரு சொல் காதில் விழுந்தால் சனம் எந்தப் பக்கம் ஓடும்? மேட்டின் மேல் இருக்கிறவர்கள் பதறினால் அந்த உடம்பின் மேலேயேதான் குதிப்பார்கள். அதற்குள் அரசன் வேஷக்காரன் மார்பில் ஏறி நின்று தொடை தட்டிச் சவால் விட்டுக்கொண்டிருந்தான். தம்பி சுற்றி வந்தான். அவன் கண்ணைப் பார்த்தேன். அது என் தம்பியின் கண்ணே இல்லை. அருள் வந்தவனிடம் அக்கா, தங்கச்சி என்று எதுவும் செல்லாது. அவன் ஒரே ஒரு ஆளுக்குத்தான் கட்டுப்படுவான். சாமி வேஷத்துக்கு. அதாவது பாவாவுக்கு.

பெண்கள் களத்துக்குள் போகக்கூடாது. நான் போனேன். யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள், ஒரு கிழவர் வைதார். பாவாவின் நீலம் பூசின காதுக்குள் சொன்னேன், "பாவா, அது பூ இல்ல. பட்டாளத்து குண்டு. ஜாட காட்டாதீங்க."

"ஏய், மெய்யாவா?"

"ஆங். என் தாலி மேல சத்தியமா."

அவர் கை ஏற்கெனவே தொடைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. தம்பி கதாயுதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அந்தக் கையையே பார்த்தான். பம்பை உச்சத்தில் நின்று அதிர்ந்தது. ஜாடை வரவில்லை. சனம் முணுமுணுத்தது. தம்பி உறுமிக்கொண்டே இன்னொரு சுற்றுச் சுற்றினான், அவன் குதிகால் பானைக்கு ஒரு சாண் தள்ளி அழுந்தியதைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அத்தனை தெய்வத்தையும் சேர்த்து அன்றைக்குத்தான் கூப்பிட்டேன்.

பாவா மூச்சை இழுத்துக் குரலை எடுத்தார். எந்தக் கூத்திலும் இல்லாத பாட்டு. அரசன் இங்கே சாகமாட்டான், ஏரித் தண்ணியில ஒளியப் போறான், விடாதே, துரத்து என்று நின்ற நிலையில் கட்டினார். பாடிக்கொண்டே போய் அரசன் வேஷக்காரனின் இடுப்பில் கிள்ளி, பல்லைக் கடித்தபடி, "கேட்டுக்கு ஓட்றா. ஏரிக்கு ஓடு. நிக்காத" என்றார். அவன் ஒன்றும் புரியாமல் ஓடினான். கதாயுதம் அவன் பின்னால் பறந்தது. பம்பைக்காரர்களைப் பாவா தோளில் தள்ளிக்கொண்டே போனார். மேளம் எங்கே போகிறதோ சனம் அங்கே போகும். "இந்த வருஷம் புதுசா பண்றாங்கடோய்!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு எழுந்து ஓடின.

நான் கடைசிவரை நின்றேன். முழங்கால் வலிக்கிற கிழவிகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மஞ்சள் அத்தை சொம்பை மறந்துவிட்டேன் என்று திரும்பினாள்; அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எல்லோரும் வெளியே வந்ததும் இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினேன். பையில் கை விட்டேன். ஜிகினாப் பொட்டலத்துக்கு அடியில் பூட்டு இருந்தது.

ஆபீஸ் படிகள் அத்தனையும் அந்தக் கேட்டைத் திறக்கத்தான் ஏறியிருந்தேன். பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் போலீசுக்குப் போன் போட்டேன்.

ஏரிக்கரையில் ஜாடை கிடைக்காத தம்பி திரும்பி வந்துவிட்டான். நான் கேட்டில் முதுகை வைத்து நின்றேன். "தொறக்கா! நான் அடிக்கணும்!" என்று கதாயுதத்தால் என் தலைக்கு மேல் கம்பியில் இடித்தான். "அடிச்சினா செத்துடுவடா! எல்லாரும் செத்துடுவாங்கடா!" என்று நான் கத்தியது அவனுக்கு ஏறவில்லை. பாவா வந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் உட்கார்ந்தான். தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "நீயே பூட்டிட்டியாக்கா?"

போலீஸ் வந்தது. குண்டு எடுக்கிறவர்கள் வந்து மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தார்கள். உயிருள்ளதுதான், நகர்த்த முடியாது, மறுநாள் இருந்த இடத்திலேயே வெடிக்க வைப்போம் என்றார்கள். அவர்களில் ஒருவர் மஞ்சளைக் காட்டி, "யாருங்க இதுக்கு பொட்டு வச்சது?" என்று கேட்டார். அத்தை எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அன்று தீமிதி நடக்கவில்லை. காப்புக் கட்டியவர்கள் காப்போடு கிடந்தார்கள். அம்மன் வேஷக்காரர் கூந்தலை முடியக்கூடாது என்று விரித்த தலையோடு படுத்து, காலையில் விரித்த தலையோடு இட்லி தின்றார். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போகவேண்டியவர் பாவம்.

மறுநாள் எங்களையெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். உள்ளே மணல் மூட்டைகளுக்கு நடுவே அரசன் இன்னும் மல்லாக்கக் கிடந்தான். தம்பி என்னோடு பேசவில்லை, ஆனால் பக்கத்தில்தான் நின்றான். விசில் ஊதினார்கள். எல்லோரும் காதைப் பொத்தினோம். பாவா மட்டும் பொத்தவில்லை. வேஷம் இல்லை, சாயம் இல்லை, ஒரு லுங்கி. அவர் தன் தொடையை மெதுவாகத் தட்டினார்.

வெடித்தது. கரை அதிர்ந்தது, மண் எழும்பி மேட்டையே மறைத்தது. அது அடங்குவதற்குள் பெண்கள் குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மன் வேஷக்காரர் அங்கேயே, பள்ளிப்பட்டு பஸ் ஒன்று எங்களுக்காக நின்றுகொண்டிருக்க, ரோட்டில் கூந்தலை முடிந்தார்.

தம்பி கதாயுதத்தைக் கீழே வைத்துவிட்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் மலைப்படி ஏறும்போது பிடித்துக்கொள்வானே, அப்படி.

மைதானம் முழுவதையும் மறுபடி தோண்டிப் பார்க்க வேண்டுமாம். என் பூட்டுக்கு மேல் அரசாங்கம் தன் பூட்டையும் போட்டிருக்கிறது. அதிகாரி அம்மா முன்னால் போய் நிற்கக்கூடாது என்றாரே, வாரம் தவறாமல் போய் நிற்கிறேன். தம்பி சென்னையில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அந்த உடுப்பு அவனுக்கு இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.