கேட்காத மணி

1909 செப்டம்பர் நான்காம் தேதி, மெல்போர்னில் ஆஸ்திரேலியக் கால்பந்து அரையிறுதி ஆட்டம். ஆல்பி ட்ரெவினுக்கு அன்று முப்பத்தொரு வயது. பாதி ஆயுள் கொதிகலன் பட்டறையில் போயிருந்தது. கலனுக்குள் குந்திக்கொண்டு, வெளியே சம்மட்டி அடி விழும் ஆணியை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் வேலை. அந்தச் சத்தத்தில் காது பாதி செவிடாகிவிட்டது. பட்டறையில் எல்லோருக்கும் அப்படித்தான். யாரும் அதை நோய் என்று சொல்வதில்லை.

கிளப் கமிட்டிக்காரர் காஃப்ரி வாக்குக் கொடுத்திருந்தார். "ஃபைனலுக்குப் போயிட்டா உனக்கு நகராட்சிப் பூங்காவுல வேலைப்பா. புல்லு வெட்டணும், அவ்வளவுதான். காதுக்கு நிம்மதி."

"மிச்சம் இருக்குற காதையாவது காப்பாத்து," என்றாள் மனைவி ஐவி.

கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்னடைவு. ஆல்பி எம்பி, இரண்டு பேர் தலைக்கு மேலே பந்தைப் பிடித்தான். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. அந்த நொடியில் முடிவு மணி அடித்தது.

பிடித்த பந்தை மணிக்குப் பிறகும் உதைக்கலாம். ஆனால் எதிரே நிற்பவனின் தலைக்கு மேலாகத்தான். அவனைச் சுற்றி ஓடினால் ஆட்டம் அதோடு முடிந்தது. வழக்கமாக மணி அடித்தால் கேப்டன் ஹூப்பர் ஆல்பியின் முன்னால் வந்து கையைத் தூக்கிக் காட்டுவான். அன்று பின்னால் சிக்கிக்கொண்டான்.

"டேய் ஆல்பி! மணி அடிச்சாச்சுடா! ஓடாதடா!"

ஆல்பிக்கு எல்லாம் ஒரே இரைச்சல். எதிராளி கொஞ்சம் அசந்து நின்றான். ஆல்பி வலப்பக்கமாக விலகி ஓடி உதைத்தான். பந்து நேராக நடுவே போனது. புள்ளி கொடுக்க அசைக்கும் கொடி அசையவில்லை. நடுவர் திரும்பி நடந்தார்.

"அருமையான உதை மாப்ளே," என்று எதிராளி வாயை அகலமாக அசைத்துச் சொன்னான். "அடுத்த வருஷக் கணக்குல எழுதிக்கச் சொல்லு."

உடைமாற்றும் அறையில் யூகலிப்டஸ் எண்ணெய் வாடை. ஹூப்பர் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"கேக்கலையா?"

"இல்ல."

"ஊருக்கே கேட்டுச்சேடா!"

ஆல்பி ஆட்டச் சட்டையின் முன்பக்கக் கயிற்றை அவிழ்த்தான். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. விரல்கள் மட்டும் வேலை செய்தன.

டிராமில் வந்தவர்கள் சொல்லி ஐவிக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தாள். "சாப்பிடு," என்றாள். சாப்பிட்டான். என்ன சாப்பிட்டோம் என்று பிறகு அவனுக்கு நினைவில்லை.

பூங்கா வேலை காஃப்ரியின் மைத்துனனுக்குப் போனது. திங்கட்கிழமை காலை ஆல்பி கொதிகலனுக்குள் இறங்கினான்.