மண்டியிட்டவரை எடுத்துவிட்ட படம்

அந்தப் பட்டறையில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிய தேவாலயங்களுக்காக வரைந்த மாதா, தேவதூதர், புனிதர் படங்களையெல்லாம் அங்கே ஆளுக்கொரு பங்காகப் பார்த்து வரைவார்கள். முகம் ஒருவர். வானமும் மலையும் ஒருவர். துணி முழுக்க இவள். மாதாவின் நீல அங்கியோ குழந்தைக்கடியில் கசங்கிக் கிடக்கும் வெள்ளைத் துண்டோ, எதுவானாலும் இவள் கைக்குத்தான் வரும். இதற்கு முன் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள். "அங்க மடிப்பை எடுக்கச் சம்பளம், இங்க மடிப்பைப் போடச் சம்பளம். உன் பாடு பரவாயில்ல" என்பார், லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் புருஷன்.

கண்ணில் பட்டதைக் கேட்காமல் விடமாட்டாள். குழந்தைக்கு ஏன் கிழவர் முகம், சிங்கம் ஏன் பூனை மாதிரி சுருண்டு படுத்திருக்கிறது என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். பட்டறை நடத்தும் மாஸ்டர் தெரிந்தால் பதில் சொல்வார், தெரியாவிட்டால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் ஆளுயரப் படம் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. நடுவில் குழந்தையோடு மாதா. இடது பக்கம் சிவப்பு அங்கி போட்ட வயதான புனிதர். அவர் காலடியில் கறுப்பு உடையில் ஒருவர் மண்டியிட்டிருந்தார். புனிதரின் கை அவர் தோளில் இருந்தது.

"இந்த ஆள் யாரு மாஸ்டர்? தலையைச் சுத்தி ஒளி இல்லையே."

"படத்துக்குக் காசு குடுத்தவர். மத்தவங்க உபயம்னு பேரைப் போட்டுக்குவாங்க, இவர் ஆளையே போட்டுக்கிட்டார். ஆனா ஆர்டர் குடுத்த அம்மா இவர் வேண்டாங்கறாங்க. எடுத்துடணும்."

எடுப்பது வாயால் சொல்கிற மாதிரி இல்லை. அவர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் தரை வேண்டும், புனிதருடைய அங்கியின் கீழ்ப்பாதி வேண்டும். பார்த்து வரைகிற மாதிரிப் படத்தில் அது இல்லை. தவிர, தோள் போய்விட்டால் கை அந்தரத்தில் நிற்கும். ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி கையை உயர்த்திவிடலாமா என்று மாஸ்டர் ஃபோனில் கேட்டார்.

"கையை ஒண்ணும் பண்ணாதீங்க. அது அங்கயே இருக்கட்டும்" என்றது அந்த அம்மாவின் குரல். "ஏன்னு வந்து பார்த்தா புரியும்."

அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடவில்லை. அந்த அம்மா அந்த இடத்தில் தன் படத்தை ஒட்டிக்கொள்ளப் போகிறார் என்றார் வானம் வரைபவர். மண்டியிட்டவரின் மூக்கு அந்த அம்மாவுக்கு ஆகாத யாரையோ ஞாபகப்படுத்துகிறது என்றார் முகம் வரைபவர். மடிப்பக்காவுக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனைச் சிவப்புப் போர்வையில் சுற்றி ஜன்னலோரம் நிறுத்தினாள்.

"கையை எங்க வைக்க?"

"காத்துல."

"காத்துல எவ்வளவு நேரம்தான் வைக்கறது?"

"பேசாம நில்லுங்க. பேசினா மடிப்பு கலையுது."

தரையில் போர்வை எப்படி விழுகிறது, எங்கே தடித்து எங்கே ஒதுங்குகிறது என்று பென்சிலால் வரைந்துகொண்டாள். பார்த்து வரைய மாதிரிப் படம் இல்லாமல் அவள் போட்ட முதல் துணி அதுதான். மறுநாள் பட்டறையில் அவள் அதைக் கான்வாஸில் ஏற்றும்போது மாஸ்டர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் குறை சொல்லவில்லை என்றாலே பாராட்டு என்று அர்த்தம்.

படம் காய்ந்து வண்டியில் ஏறியபோது அவளும் ஏறிக்கொண்டாள். மாட்டினபிறகு வெளிச்சத்தில் வார்னிஷைப் பார்க்க வேண்டும் என்று சாக்கு. மாஸ்டருக்குத் தெரியாதா என்ன? சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

வண்டி நின்ற இடம் ஒரு பல் மருத்துவமனை. மருந்துக்கடைக்கு மேலே மாடியில், எதிரெதிராக நாற்காலி போட்ட காத்திருப்பு அறை. உள்ளேயிருந்து மெஷின் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்டர் கொடுத்த அம்மாதான் அங்கே டாக்டர். படத்தைத் தரையை ஒட்டித் தாழ்வாக மாட்டச் சொன்னார். மண்டியிட்டவர் இருந்த இடத்துக்கு நேர் முன்னால் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைத் தானே இழுத்துப் போட்டார்.

கன்னம் வீங்கிய பெரிய மீசைக்காரர் ஒருவர் அதில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார். புனிதரின் கை சரியாக அவர் தோளில் இருந்தது.

மடிப்பக்கா டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள். "நல்லாயிருக்கு டாக்டர். ஆனா உக்காந்தவருக்கு அது தெரியாதே. முதுகுப் பக்கம்ல இருக்கு?"

"எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியுமே. அவர் உள்ள போனதும் பாருங்க."

மீசைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்த கையோடு எதிர் வரிசையில் இருந்த பள்ளி ஆசிரியை பையைத் தூக்கிக்கொண்டு அந்த நாற்காலிக்கு மாறினார். முன்பைவிட அங்கே வசதி ஒன்றும் கூடுதலில்லை.

ஆசிரியையும் உள்ளே போன பிறகு மடிப்பக்கா தானே போய் உட்கார்ந்து பார்த்தாள். தோளில் ஒன்றும் தெரியவில்லை. எதிர்ச்சுவரில் நாட்காட்டி. ஆனால் எதிரே இருந்த இரண்டு பேர் அவளைப் பார்த்த விதம் வேறு மாதிரி இருந்தது. நல்ல இடத்தில் ஒப்படைத்துவிட்டு வந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. வார்னிஷைப் பார்க்க மறந்து கீழே இறங்கிவிட்டாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் கேட்டுவிட்டு, "அது சரி, அந்த மண்டி போட்டவர் கதி என்ன?" என்றார்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மீந்த கான்வாஸ் துண்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை மட்டும் வரைந்தாள். கறுப்பு உடையைக் கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிட்டாள். முகம்தான் படுத்தியது, அதுவரை அவள் முகம் வரைந்ததில்லை. முடித்ததும், "எங்க சூப்பர்வைசர் லீவு கேட்டு நிக்கற மாதிரி இருக்கு" என்றார் புருஷன். அதைத் தூக்கிக்கொண்டுபோய் மாஸ்டரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்கு தப்பு. கண்ணு பரவாயில்ல" என்றார். "அடுத்த படத்துல ஓரத்துல ஒரு ஆட்டிடையன் வரான். அவன் முகத்தை நீ போட்டுப் பாரு."

மடிப்பக்கா மாதிரிப் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். எல்லோரும் குழந்தையைப் பார்க்க, ஆட்டிடையன் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், இவன் யாரைப் பார்க்கறான்?"

மாஸ்டர் டீ குடிக்கக் கிளம்பினார்.