படகுக்காரியின் கதையை நான் சொன்ன விதம்

போன சனிக்கிழமை அல் ஐனில் ஒரு பாத்திரக்கடை வாசலில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று நின்றது. இடுப்பளவு உயரம், இரும்பு வளையம் போட்ட மூடி. எதற்கென்று தெரியாமலே மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன். முன்பு எப்போதோ சோப்பு ஏற்றி வந்த டிரம் போல, வாசனை குப்பென்று அடித்தது. "அதுக்குள்ள என்னத்த எட்டிப் பாக்கறீங்க? வாங்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. இல்லையென்று மூடிவிட்டேன். காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அந்த வாசனையை நான் முதலில் பார்த்தது ஒரு படத்தில். வாசனையைப் பார்ப்பதாவது என்று சிரிக்காதீர்கள். ஜமைக்காப் படம். கனடாவில் ஆப்பிள் பறிக்கப் போன அப்பன் ஊருக்கு ஒரு நீல டிரம் அனுப்புவான். அரிசி, எண்ணெய், செருப்பு, சோப்பு. சாமானையெல்லாம் எடுத்த பிறகு பிள்ளைகள் இரண்டும் காலி டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கும். முன்பு நான் வேலை பார்த்த ருவைஸ் லேபர் கேம்ப்பில் அந்தக் காட்சி ஓடியபோது எங்கள் ஹாலில் நாலைந்து பேர் தங்களை அறியாமல் மூக்கை உறிஞ்சினார்கள். ஊருக்கு அனுப்ப கார்கோ அட்டைப்பெட்டி கட்டி வைத்திருந்தவர்கள் அங்கே பாதிப் பேர்.

படத்தைக் கொண்டுவந்தவன் டெஸ்மண்ட், எங்கள் சைட்டில் சேஃப்டி ஆபீசர். வாழைக்காயைத் தோலோடு அவித்துத் தின்கிற ஜமைக்காக்காரன். அவனிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய அவன் நாட்டுப் படங்கள் இருந்தன. வெளியிலிருந்து வந்து படம் எடுப்பவர்கள் கடற்கரையைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் துப்பாக்கியைக் காட்டுவார்கள், இது எங்கள் ஆட்களே எடுத்தது என்பான். அதில் எல்லாரும் அவன் அம்மா பேசுவது போலப் பேசினார்களாம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சைப் பேசினால் பிரம்படி. அதை நான் எங்கள் ஆட்களிடம் சொன்னபோது, "நம்ம ஊரு கான்வென்ட்டு மாதிரின்னு சொல்லு" என்றான் துரை.

துரை என் ரூம்காரன். ஜெயங்கொண்டம் பக்கம், சாரம் கட்டுகிற வேலை. அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு. மத்தியானம் பிரியாணி முடிந்ததும் டிவி ஹாலில் படம். எந்த மொழிப் படமானாலும் ஒருவன் எழுந்து நின்று தமிழில் கதை சொல்ல வேண்டும் என்பது எங்கள் கேம்ப் வழக்கம். டாக்குமெண்ட் கிளார்க்கான எனக்கு இங்கிலீஷ் தெரியும், வாயும் நீளம். ஆகவே நான்தான். ஏசிக்கு நேர் கீழே எனக்குத் தனி நாற்காலி, முதல் டீ எனக்கு. ஒரு மந்திரிக்குக் கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். ஜமைக்கா இங்கிலீஷ் எனக்கும் புரியாது, அது வேறு விஷயம். வியாழக்கிழமை டீ நேரத்தில் டெஸ்மண்ட் கதை முழுவதையும் எனக்குச் சொல்லிவிடுவான்.

இந்தப் படத்தின் கதையையும் சொல்லியிருந்தான். புருஷன் கனடா போனபின் கரையில் சும்மா கிடந்த அவன் படகைப் பெண்டாட்டி எடுத்துக் கடலுக்குப் போகிறாள், துணைக்கு அவள் அண்ணன். பொம்பளை கால் பட்டால் மீன் ஓடிவிடும் என்று சாராயக்கடையில் ஆண்கள் பேசுகிறார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல வருஷம் கழித்துப் புருஷன் திரும்பி வந்து கரையில் நிற்கிறான். துடுப்பைக் கேட்கிறான். அவள் கொடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் விடுகிறாள். அவ்வளவுதான் படம்.

படகில் அவளும் அண்ணனும் வாய்விட்டுச் சிரிக்கிற காட்சி வந்தது. ஹாலில் பாதிப் பேர் பிரியாணி மயக்கத்தில் சாய்ந்துவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ, "அவன் யார்றா?" என்று கேட்டார்கள். அண்ணன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கண்ணடித்து, "அதானப்பா விஷயமே" என்றேன். ஹால் குலுங்கியது, தூங்கினவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு என் வாயை யார் கட்டுவது? கடைசிக் காட்சியில், "புருஷன் எடத்த அவன் புடிச்சிக்கிட்டான், இவன் சொந்தப் படகுலயே கூலியாளு" என்று முடித்து வைத்தேன். கைதட்டினார்கள். துரை தட்டவில்லை.

வெளியே வந்ததும் டெஸ்மண்ட் கேட்டான், அண்ணனும் தங்கையும் சிரிக்கிற இடத்தில் உன் ஆட்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று. வேறு ஏதோ பேச்சு என்றேன். அவன் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எங்கள் ஹாலுக்குப் படம் கொண்டு வரவில்லை.

துரையின் பெண்டாட்டி மலர் அப்போது மொபெட் வாங்கிப் பழகி, பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் வந்தாள். அதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. ஸ்பீக்கரில் போட்டு, "வண்டிய முறுக்கிக் காட்டு புள்ள, இவனுவ கேக்கட்டும்" என்பான். போனுக்குள் மொபெட் உறுமும், ரூமே சிரிக்கும். படம் பார்த்த மறுவாரம் ஸ்பீக்கர் நின்றது. வராந்தாவில் நின்று அவன் பேசுவது மட்டும் கேட்டது. "சொசைட்டில யாரு அவன்? எதுக்கு அவங்கிட்ட சிரிச்ச?" ஒரு மாதத்தில் வண்டியை விற்கச் சொல்லிவிட்டான். எனக்குக் காரணம் தெரியும். ஒரு வார்த்தையில் தீர்த்திருக்கலாம். ஆனால் அண்ணன் என்று இப்போது சொன்னால், இத்தனை நாள் சொன்ன கதையெல்லாம் புளுகா என்று கேம்ப்பே கேட்கும். நாற்காலி போய்விடும். நம்புங்கள், அதற்காகத்தான்.

லீவில் போகிறவன் ரூம்காரன் பார்சலையும் சுமக்க வேண்டும், அது எழுதாத சட்டம். அந்த வருஷம் துரையின் பெட்டியோடு அவன் வீட்டுக்குப் போனேன். வாசல் சிமெண்டுத் தரையில் மொபெட் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. மலர் டீ கொடுத்தாள். பெட்டியை அவள் பிரிக்கவே இல்லை. நான் கிளம்பும்போது கேட்டாள்.

"அண்ணே, ஏதோ ஒரு படத்தச் சொல்லிச் சொல்லியே பேசறாரு. அந்தப் பொம்பள நெசமாவே தப்பு பண்ணாளாண்ணே?"

"படந்தானம்மா, அதெல்லாம் மனசுல வச்சிக்கலாமா" என்றேன்.

"நீங்க சொன்னா கேப்பாருண்ணே. ஒரு வார்த்த சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். ருவைஸ் திரும்பியதும் துரை, "என்ன சொன்னா?" என்று கேட்டான். "நல்லாருக்காங்க, டீ குடுத்தாங்க" என்றேன். அடுத்த வருஷம் அவன் காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டான். பஸ் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் சொல்லலன்னா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றான். அந்தக் கையின் சூடு இன்னும் விடவில்லை.

கேம்ப்பை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், இப்போது அங்கே டிரெய்லர்கள் நிற்கின்றன. வெள்ளிக்கிழமை லீவும் சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. டெஸ்மண்ட் எந்த நாட்டில் இருக்கிறானோ தெரியாது. துரையின் நம்பரைப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்கிறது. படத்தையும் தேடினேன், பெயரைத் திருப்பித் திருப்பிப் போட்டுத் தேடினேன், எங்கும் இல்லை. அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்களுக்கு நான் சொன்னதுதான் அந்தப் படம். தனியாக வண்டி ஓட்டும்போது அன்று போனுக்குள் உறுமிய அந்த மொபெட் கேட்கிறது. ஏசியை நிறுத்திப் பார்த்துவிட்டேன், அப்போதும் கேட்கிறது. பின்னாலேயே மலரின் கேள்வியும் வரும். யாருமில்லாத ரோட்டில் இப்போதெல்லாம் நான் வாய்விட்டே பதில் சொல்கிறேன்.

"இல்லம்மா. அவரு அவ அண்ணன். அவ ஒரு தப்பும் பண்ணல. புருஷன் வந்தப்ப தள்ளி உக்காந்து எடம் விட்டா."