பாக்கெட் வைத்த புயல் கூண்டு

உலகத்தில் எத்தனையோ துறைமுகங்களில் எத்தனையோ புயல் கூண்டுகள் ஏறி இறங்கியிருக்கின்றன. ஆனால் பாக்கெட் வைத்துத் தைத்த கூண்டு ஒன்றே ஒன்றுதான். அது புதுச்சேரிக் கடற்கரைக் கொடிமரத்தில் தொங்கியது. தைத்தவள் எங்கள் குருசுக்குப்பத்து அகஸ்டினா. நான் பொதுவாகக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். இந்த விஷயத்தில் மட்டும் கூட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அகஸ்டினாவின் அப்பா அருளானந்தம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறவர். கூண்டென்றால் கிளிக்கூண்டு அல்ல. பிரம்பால் பின்னிக் கறுப்புக் கித்தான் போர்த்திய பெரிய உருண்டை. கல்கத்தாவிலிருந்து புயல் தந்தி வந்தால் அதைக் கயிற்றில் கட்டிக் கொடிமரத்தில் ஏற்றுவார். ஒற்றைக் கூண்டு என்றால் கடலில் எங்கோ புயல் பிறந்திருக்கிறது, கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று அர்த்தம். அதன் கீழே இரண்டாவது கூண்டும் ஏறினால் புயல் நம்மைப் பார்த்துத்தான் வருகிறது. கப்பல் கரையை நெருங்கக் கூடாது, படகு கரையை விட்டு நகரக் கூடாது.

இவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. அருளானந்தம் கூண்டு ஏற்றுவதால்தான் புயல் வருகிறது என்று ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். மீன்காரிகள் அவர் வீட்டு வாசலிலேயே வந்து, "முசே, இந்த வாரம் அத்த ஏத்தித் தொலைக்காத, நல்ல வஞ்சிரமா குடுக்கறேன்" என்று பேரம் பேசுவார்கள். அவர் வஞ்சிரத்தை வாங்க மாட்டார். கூண்டையும் ஏற்றாமல் இருக்க மாட்டார்.

அகஸ்டினா பிறந்ததே ஒரு புயலில். அன்று கூரை பறந்தது. தொட்டில் கிணற்றடி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. வந்தபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இதை எனக்குச் சொன்னது அகஸ்டினாதான். பிறந்த அன்று நடந்தது அவளுக்கு எப்படி நினைவிருக்கும் என்று குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் இத்துடன் எழுந்து போகலாம்.

கன்னியர் மடத்தில் நானும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் பிரெஞ்சு இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய நேரத்தில் அவள் பெஞ்சுக்குக் கீழே கைக்குட்டைக்குப் பூ போட்டுக்கொண்டிருப்பாள். பிறகு தையலே அவள் பிழைப்பாகிவிட்டது. ஊரில் பாதி மதாம்களின் கவுன்கள் அவள் கத்தரிக்குத் தப்பியதில்லை. கல்யாணந்தான் தட்டிக்கொண்டே போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் தின்பார்கள், தையலை மெச்சுவார்கள், வெளியே போய், "புயல்காரன் ஊட்டுப் பொண்ணு நமக்கு எதுக்குப்பா" என்பார்கள்.

கடைசியில் சகாயநாதன் வந்து அமைந்தான். நெல்லித்தோப்பு ஞானமேரியின் ஒரே பிள்ளை. சைகோனில் சுங்க இலாகாவில் வேலை. நிச்சயத்தின்போது ஒரு முறை பெண்ணைப் பார்த்துவிட்டுக் கப்பலேறினான். ஞானமேரி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை கோட்டுக்குத் துணி அனுப்புவான். பெண் வீட்டில் தைத்து வைக்க வேண்டும். கோட்டு இல்லையென்றால் சம்பந்தம் இல்லை. சைகோனிலிருந்து கன்னங்கரேல் என்று துணி வந்தது. கூடவே நங்கூரம் பொறித்த பித்தளைப் பொத்தான்கள். அகஸ்டினா அந்தக் கோட்டைத் தைத்த தினுசைப் பார்த்தால் அது தானாக எழுந்து கோயிலுக்கு நடந்து போய்விடும் போலிருந்தது.

நவம்பர் கடைசி. கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கிற மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆகமன காலம் தொடங்குகிறது. தொடங்கினால் கிறிஸ்துமஸ் தாண்டும் வரை எந்தச் சாமியாரும் தாலி மந்திரிக்க மாட்டார். சகாயநாதனின் லீவோ கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிகிறது. அடுத்த லீவுக்கு மூன்று வருஷம். ஆகவே சனிக்கிழமைக்குள் கல்யாணம், அல்லது கல்யாணமே இல்லை. ஞானமேரி இதை ஒளிக்காமலே சொன்னாள்: "முதலியார்பேட்டையில என் தம்பி மக ஒருத்தி இருக்கா. அவ அப்பன் கூண்டு கீண்டு எதுவும் ஏத்தறதில்ல."

மாப்பிள்ளையின் கப்பல் புதன்கிழமை வர வேண்டும். திங்கட்கிழமை காலை அந்தமான் பக்கம் புயல் பிறந்திருப்பதாகத் தந்தி வந்தது.

அகஸ்டினா என் பழைய பள்ளிக்கூடத் தேசப்படத்தைத் தையல் மேசையில் விரித்தாள். புயலுக்கு ஒரு புளியங்கொட்டை. கப்பலுக்கு, கோட்டில் தைத்து மிஞ்சிய ஒரு பித்தளைப் பொத்தான். தந்தி வரும்போதெல்லாம் அப்பா ஓடிவந்து புயல் இருக்கும் இடத்தைச் சொல்வார்; அவள் கொட்டையை நகர்த்துவாள். கப்பல் எங்கே வருகிறது என்று கம்பெனி வாசல் பலகையில் எழுதிப் போடுவார்கள். நான் போய்ப் பார்த்து வந்து சொல்வேன். அவள் பொத்தானை நகர்த்துவாள். அந்தமான்காரர்கள் தங்கள் கூரை போன திசையைத் தேடிக்கொண்டிருந்தபோது கொட்டை அவர்களை விட்டுவிட்டு மேற்கே கிளம்பிவிட்டது. பொத்தானும் மேற்கேதான் வந்துகொண்டிருந்தது. இரண்டும் பந்தயம் கட்டிக்கொண்டு வருவது போலிருந்தது.

"வடக்கால போயேன்டி" என்று கொட்டையைப் பார்த்துக் கெஞ்சினாள் அகஸ்டினா. "கல்கத்தா எம்மாம் பெரிய ஊரு! சுத்திப் பாத்துட்டுப் போயேன்."

நான் குனிந்து கொட்டையை வடக்கே பார்த்து மெல்ல ஊதினேன்.

"ஊதாதம்மா" என்றார் அருளானந்தம், பூசையில் சிரித்த பிள்ளையை அதட்டுகிற குரலில். "தந்தி வராம நகரக் கூடாது."

அன்றே ஒற்றைக் கூண்டு ஏறியது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஞானமேரி குடையும் கையுமாக வந்து நின்றாள்.

"சம்மந்தி, எம்புள்ள வர்ற நேரம் பாத்துதான் ஏத்தணுமா?"

"தந்தி வந்திச்சு, ஏத்துனேன்."

"வந்தா என்னா? மடிச்சி இடுப்புல சொருவிக்கிட்டா அது கேக்கவா போவுது?"

"அது கேக்காதுங்க. கடலு கேக்கும்."

"கடலுக்கு வாய் இருக்குதோ இல்லியோ, உமக்கு இருக்குது!" என்று குடையை உதறிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை விடிந்தது. வானம் ஈயம் பூசாத அண்டா மாதிரி இருந்தது. எங்கள் கடலில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். ஆட்களைச் சலங்கு என்கிற பெரிய துடுப்புப் படகில்தான் இறக்கிக் கொண்டுவர வேண்டும். சலங்குக்காரக் கண்ணையன் தன் படகுக்குத் தோரணமே கட்டிவிட்டான். "ஒத்தக் கூண்டுதான? இதுக்கெல்லாம் பயந்தா நான் பூக்கட்டத்தான் போவணும். மாப்ளய நாந்தான் எறக்குவேன்" என்று மீசையை நீவினான்.

அப்போதுதான் அடுத்த தந்தி வந்தது. புயல் நேராகப் புதுச்சேரிக் கரையைப் பார்த்து வருகிறது. இரண்டாம் கூண்டு ஏற்றவும்.

அருளானந்தம் கிடங்கைத் திறந்தார். வருஷக்கணக்காக ஏறாத இரண்டாம் கூண்டின் கித்தானை எலிகள் சுத்தமாகத் தின்று முடித்திருந்தன. வெறும் விலா எலும்பு. அதை ஏற்றினால் வானந்தான் தெரியும், கூண்டு தெரியாது. கிடங்கிலிருந்த மிச்சக் கித்தானெல்லாம் வெள்ளை. மழை மேகத்தில் வெள்ளை எங்கே தெரியும்? காற்றைக் கண்ட கடைகளெல்லாம் கதவைச் சாத்திவிட்டன. மனிதர் கூண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பழய கறுப்புத் துணி எதுனா இருக்காம்மா?"

பெட்டியைக் கவிழ்த்தோம். நீலம் இருந்தது, காப்பிக்கொட்டை நிறம் இருந்தது, கறுப்பு இல்லை. சுவரில் அந்தக் கோட்டு தொங்கியது. அருளானந்தம் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். அந்தச் சுவரை மட்டும் பார்க்கவில்லை.

"ஒத்தக் கூண்டோடவே வுட்டுட்டா என்னாம்மா?" என்றார் மெதுவாக. இத்தனை வருஷத்தில் அவர் வாயில் அப்படியொரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை. "காத்து சாயங்காலத்துக்கு மேலதான் வலுக்கும். அதுக்குள்ள கப்பல் வந்து நிக்கும், புள்ளய எறக்கிப்புட்டுப் போயிடும்…"

அகஸ்டினா மேசையைப் பார்த்தாள். புளியங்கொட்டைக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு விரல் இடந்தான் இருந்தது.

"கண்ணையன் மாமா படகு எடுப்பாரா?"

"எடுப்பான். ஒத்தக் கூண்ட அவன் மதிக்க மாட்டான்."

"கூட எத்தினி பேரு?"

அருளானந்தம் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். அவள் கத்தரியை எடுத்தாள்.

"அடிப் பாவி, கோட்டுடீ!" என்று அலறினேன்.

"தெரியுதுடீ. நாந்தான தைச்சேன்? நூலப் பிடி."

முதுகுத் தையலைப் பிரித்தாள். கைகளைப் பிளந்து விரித்தாள். தைக்க எத்தனை நாள் பார்த்தாளோ, பிரிக்க ஒரு ஜெபமாலை நேரங்கூட ஆகவில்லை. விரித்த துணி கூண்டைச் சுற்றி மட்டுமட்டாகத்தான் வந்தது. ஒரு சாண்கூட வெட்டி எறிய முடியாது. அதனால் பொத்தான்கள் அப்படியே வரிசையாக நின்றன. மார்புப் பாக்கெட் வயிற்றுப் பக்கமாக வந்து உட்கார்ந்தது. கடைசித் தையல் போடும் முன் அகஸ்டினா என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் வந்தபோது நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாகமே இல்லை என்பது அந்தத் தண்ணீரை அவள் தொடாமல் விட்டதில் தெரிந்தது.

கூண்டு ஏறியது. கண்ணையன் அண்ணாந்து பார்த்து, நான் இங்கே எழுத முடியாத நாலு வார்த்தை சொல்லிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டுச் சலங்கைக் கரைமேல் இழுத்தான். சற்று நேரத்தில் கடல் விளிம்பில் கப்பல் புகைந்தது. நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு நீளமாக ஊதிவிட்டுத் தெற்கே திரும்பியது. அகஸ்டினா கொடிமரத்தடியில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. மழை அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

கடல்பாலத்தில் பிள்ளைக்காகக் காத்திருந்த ஞானமேரி போகிற கப்பலைப் பார்த்தாள், பிறகு கொடிமரத்தைப் பார்த்தாள். காற்று ஒரு வீசு வீசியது, கூண்டு திரும்பியது, பித்தளை மின்னியது.

"ஐயய்யோ! எம்புள்ள கோட்டு!"

மறுநாள் வரை அந்தக் குரல் கடற்கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சம்பந்தம் முறிந்தது, தம்பி மகளுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் குடை மட்டும் காற்றோடு கிளம்பி விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியதாகக் கேள்வி.

புயல் எங்களை முழுசாகத் தின்னவில்லை. கடைசி நேரத்தில் வடக்கே ஒதுங்கி, போகிற போக்கில் ஒரு கடி கடித்துவிட்டுப் போயிற்று. அந்தக் கடிக்கே கடல் சாலையில் ஏறி உலாவியது. பாலத்துப் பலகைகள் உடைந்து மிதந்தன. கண்ணையன் தோரணம் கட்டிச் சலங்கை நிறுத்தியிருந்த இடத்தில் மணலே இல்லை, ஒரு பள்ளந்தான் இருந்தது. அவன் அந்தப் பள்ளத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அருளானந்தம் வீட்டு வாசலில் ஒரு பெரிய வஞ்சிரத்தை வைத்துவிட்டுப் போனான். அந்த ஒரு மீனை மட்டும் அவர் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அருளானந்தம் வீட்டு முன்னால் ஆள் தள்ளிக்கொண்டு வருகிற புஷ்வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் சகாயநாதன். கப்பல் அவனை நாகப்பட்டினத்தில் இறக்கிவிட, ரயில் மாறி ரயில் மாறி வந்திருந்தான். பின்னாலேயே ஞானமேரி, புதுக்குடையுடன்.

அவன் உட்காரக்கூட இல்லை. "கோட்டு எங்க?" என்றான்.

"கம்பத்துல" என்றாள் அகஸ்டினா.

"கப்பலு கப்பித்தேன் தூரக்கண்ணாடில பாத்தாரு. 'புதுச்சேரியில புதுசா ஒரு கூண்டு ஏத்தியிருக்கான், நம்ம புத்தகத்துலயே இல்ல, பொத்தானெல்லாம் வச்சிருக்கு'ன்னாரு. வாங்கிப் பாத்தேன். என் பொத்தான்! என்னை வேணாம்னு ஊருக்கே தெரியறாப்ல தொங்கவுட்டுட்டீங்கன்னு நெனச்சேன். நாகப்பட்டினத்துல எறங்காம அப்படியே கொழும்பு போயிடலாமான்னுகூட…"

"அப்பறம் ஏன் எறங்கினீங்க?"

"ராத்திரி பூரா கப்பலு ஆடுச்சு. குடலு வெளிய வந்திடுச்சு. அப்பதான் வெளங்கிச்சு, அது வேணாங்கற கூண்டு இல்ல, வராதங்கற கூண்டுன்னு."

"அப்ப நாளைக்குக் கோட்ட எறக்கித் தைச்சிக் குடுக்கச் சொல்லு!" என்றாள் ஞானமேரி. தம்பி மகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அருளானந்தம் தொண்டையைச் செருமினார். "எறக்கச் சொல்லித் தந்தி இன்னும் வரலீங்க."

"வானம் பளபளன்னு இருக்குதே, மனுசா!"

"வானத்துக்குத் தெரியும். கல்கத்தாவுக்குத் தெரியணுமே."

ஞானமேரி வாயைத் திறந்தாள். மகன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். அவன் சிரிப்பில் அவள் பேச்சு எடுபடவில்லை.

சனிக்கிழமை காலைப் பூசையில், சைகோன் வெள்ளைச் சட்டையில், கோட்டு இல்லாமலே மாப்பிள்ளை தாலி கட்டினான். கோயிலுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பெண்ணைப் பார்த்தார்கள், மீதிப்பேர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்கள். கல்யாணச் சாப்பாட்டில் இரண்டாம் பந்தி நடக்கும்போது தந்தி வந்தது. அருளானந்தம் எழுந்து, கறிக்குழம்புக் கையைக் கழுவிவிட்டுப் போய்க் கூண்டை இறக்கினார்.

அகஸ்டினா அதை மறுபடி கோட்டாக்கவில்லை. துறைமுகத்துக்கு இரண்டாம் கூண்டு வேண்டும், புருஷனுக்கு வேறு துணி கிடைக்கும் என்றுவிட்டாள். அதனால் வெகுகாலம் எங்கள் ஊரில் இரட்டைக் கூண்டு ஏறினால் கீழ்க்கூண்டு பொத்தான் போட்டுக்கொண்டுதான் ஏறும்.

சைகோனுக்குக் கப்பலேறும் முன் கிடங்கில் அந்தக் கூண்டைத் தடவிப் பார்த்த சகாயநாதன் பாக்கெட்டுக்குள் விரலை விட்டான். ஒரு சின்ன மாதா சுரூபம் வந்தது.

"இது என்னா? புயலுக்கா?"

"புயலுக்கு அப்பா தந்தி பாத்துக்குவாரு" என்றாள் அகஸ்டினா. "அது கப்பலுக்கு."

அவன் சுரூபத்தை எடுத்த இடத்திலேயே வைத்துப் பாக்கெட்டைத் தட்டிவிட்டான்.