நான் அடைத்த ஓட்டைகள்

வாலாஜாபாத்திலிருந்து திரும்பி வரும்போதுதான் என் இடது கால் வேனின் தரைக்குள் இறங்கியது. கிளட்சை விட்டுவிட்டுக் குதிகாலைக் கீழே வைத்தேன். வைத்த இடம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. குனிந்து பார்த்தால், செருப்புக்கு ஒரு முழம் கீழே தார் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. பயப்பட வேண்டிய நேரம், எனக்கோ சிரிப்பு வந்தது. ஓட்டையின் மேல் காலை ஊன்றாமல் பார்த்துப் பார்த்து மிதித்து, எப்படியோ காஞ்சிபுரம் வந்து சேர்ந்தேன்.

என் கணவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பின் சீட்டுக்குக் கீழேயும் அடித்துப் பார்த்தார். அங்கேயும் வெளிச்சம் ரோட்டில் விழுந்தது.

"போனா போவுதும்மா. பதினஞ்சு வருஷம் ஒழச்சிக்கிது. காயலான் கடையில சொல்லி உடறேன். சரக்கை இனிமே லோடு ஆட்டோல அனுப்பிக்கலாம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எங்களுக்கு வீட்டில் இரண்டு தறி. அது போக, வாலாஜாபாத் பக்கமும் ஏனாத்தூரிலும் எட்டு வீட்டுத் தறிகளுக்குப் பட்டும், தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கி வருவோம். அந்த ஓட்டம் முழுக்க என்னுடையது. வேன் வருவதற்கு முன்னால், கல்யாணமான நாள் தொட்டு, நான் வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றினேன். குறுக்கே ஓடுகிற ஊடைப் பட்டை ராட்டையில் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றிக்கொடுக்கும் வேலை அது. வேலையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு ஆகாது, அவ்வளவுதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் யார் மேலாவது எரிந்து விழுவேன். முப்பத்தாறாவது வயதில், ஐந்து வருடம் ஓடிய பழைய வேன் ஒன்றை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, கதவைச் சாத்தி ஸ்டார்ட் செய்த அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. இதை என் கணவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் தறியில் குனிந்து கிடக்கும்போது எப்படிச் சொல்வது?

பதினைந்து வருடம் முடிந்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். கெடு முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. தரை இல்லாத வண்டியை எந்த இன்ஸ்பெக்டர் பாஸ் செய்வார்? வண்டி போனால் நான் மறுபடியும் ராட்டைக்கு. மறுநாள் காலையிலேயே, ஓட்டையின் மேல் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, பட்டறை தேடிக் கிளம்பிவிட்டேன்.

முதல் பட்டறையில் தகட்டை மேலே வைத்து ரிவிட் அடித்து, மேடு தெரியாமல் பட்டி பூசி, பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். சாயங்காலமே கிடைக்குமாம். கேட்கச் சுகமாக இருந்தது. பிறகு செவிலிமேட்டில் ஒரு டிங்கரிடம் காட்டினேன். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் நிறைய அக்கா என்பார், ஆனால் பேச்சில் வெண்ணெய் தடவத் தெரியாத ஆள்.

"அழுவுன தகட்டு மேல புதுத் தகடு போட்டா, உள்ள அது பாட்டுக்குத் தின்னுக்கினேதான் இருக்கும்க்கா. வெட்டி எடுக்கணும். நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டணும்."

"எவ்வளவு தூரம் வரும்?"

"தெர்ல. மொதல்ல இந்தத் துணிமணியெல்லாம் எடு."

அவர் துணிமணி என்று சொன்னது என் வேனின் தரையை. எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தரையை நான் எவ்வளவு கண்ணும் கருத்துமாக வைத்திருந்தேன் தெரியுமா? பெடல் பக்கமும் சீட்டுக்கு அடியும் தவிர எல்லா இடத்திலும் அடியில் ரப்பர் மேட், அதன் மேல் கோணி, அதன் மேல் கோரைப் பாய், எல்லாவற்றுக்கும் மேல் வெளுத்த வேட்டி. கல்யாணப் புடவை போகிற வண்டியாயிற்றே! வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டு வாசலைக் கழுவும் கையோடு வேனுக்குள்ளும் இரண்டு வாளி மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பொட்டு வைத்து, ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் திரும்ப விரித்துவிடுவேன். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒவ்வொன்றாக உரித்தார். ரப்பர் மேட்டைத் தூக்கியபோது தகடு மேட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. கீழே செம்மண் சேறு மாதிரி துரு. டிங்கர் குனிந்து, விரலால் துழாவி, ஒரு கட்டியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது இன்னாக்கா?"

பைப் ஒழுகலை அடைக்கிற பசை. நான்தான் வைத்தேன். வண்டி வாங்கிய புதிதில் சந்தனக் கலர் பட்டு ஒரு கட்டு, கீழேயிருந்து வந்த புழுதி பட்டு மங்கிப் போனது. தறிக்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவமானமாகப் போய்விட்டது. அன்றைக்கே தரையில் இருந்த ஓட்டைகளை எல்லாம் தேடித் தேடி, மொத்தம் பதினொன்று, பசை வைத்து அடைத்தேன். அதன் பிறகு ஒரு பட்டிலும் தூசி விழவில்லை. ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

"தண்ணி வெளிய போறதுக்கு வெச்ச ஓட்டைக்கா இது. அத்தையும் அடைச்சிட்டு, வாராவாரம் ரெண்டு வாளி ஊத்திக்கினு, மேல கம்பளி போத்தி உட்டுக்கிற. வண்டி இன்னா பண்ணும்?"

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. பட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும், தூசி விழுந்தால் நீயா வந்து பதில் சொல்வாய் என்று கத்தினேன். கத்தி முடிக்கும் வரை அவர் அந்தப் பசைக் கட்டியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பட்டுக்குத் தூசி வரக்கூடாதுன்னா பட்டை மூடு. வண்டிய ஏன் மூடுற? மூடி போட்ட பொட்டி ரெண்டு வாங்கிப் போட்டா முடிஞ்சி போச்சி."

பத்து வருடம்! மூடி போட்ட இரண்டு பெட்டி என் மண்டையில் உதிக்கவில்லை. இவ்வளவு நாளும் வண்டியைக் கொஞ்சுவதாக நினைத்து நானே அதைத் தின்னக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதே சமயம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது. வயதாகிச் செத்தால் ஒன்றும் செய்ய முடியாது. என் தப்பால் கெட்டது என்றால் நான் சரி செய்யலாம் அல்லவா?

அடுத்த ஒன்பது நாளும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றுவேன், பதினோரு மணிக்கு டவுன் பஸ் பிடித்துச் செவிலிமேடு ஓடிவிடுவேன். சீட்டைக் கழற்றினோம், பேட்டரி வயரைப் பிரித்தோம். டிங்கர் சின்னச் சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டே போவார். செத்த தகடு 'பொத்' என்னும், உயிருள்ள தகடு 'டங்' என்னும். 'டங்' கேட்ட இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போட வேண்டும். ஒவ்வொரு 'டங்'குக்கும் நான் "இருக்குது, இருக்குது!" என்று கூவினேன். பக்கத்து டீக்கடையில் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. கட்டிங் வீல் அந்தக் கோட்டோடு போனது, துரு மூட்டை மூட்டையாகக் கீழே கொட்டியது, கடைசியில் வேனுக்குள் நின்றபடியே பட்டறைத் தரையைப் பார்த்தேன்.

புதுத் தகட்டுக்கு அளவு எடுக்கும்போது மாட்டிக்கொண்டோம். ஓட்டுநர் பக்கத்துத் தரை மேடும் பள்ளமுமாக வளைந்து சக்கரத்தின் மேல் ஏறுகிறது. தடித்த அட்டையை வைத்தால் வளையவில்லை, பேப்பரை வைத்தால் கிழிந்தது. இரண்டு முறை வெட்டிய தகடும் பொருந்தாமல் போக, டிங்கர் சுத்தியலைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மறுநாள் வீட்டு மச்சிலிருந்து ஒரு பழைய ஜக்கார்டு அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். புடவைக் கரையில் டிசைன் விழுவதற்காகத் தறி மேல் தொங்குகிற ஓட்டை போட்ட அட்டைகள். நீட்டு நீட்டான அட்டைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கோத்திருக்கும். விரித்தால் பாய் மாதிரி, எங்கே வேண்டுமானாலும் மடங்கும். தரை மேல் போட்டேன். மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, சக்கர வளைவில் படிந்து உட்கார்ந்துகொண்டது. ஓரத்தை மட்டும் கத்தரித்துக் கொடுத்தேன்.

டிங்கர் குனிந்து, சக்கர வளைவில் அட்டையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னொரு கட்டு இருக்குதாக்கா?"

என் வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் இதற்கு நிகராக ஒன்றும் இல்லை.

அந்த அளவில் வெட்டி வளைத்த தகடு கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரே இழுப்பாக வெல்டிங் வைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடுமாம். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைத்து, ஆற விட்டு, இடைவெளியை நிரப்பினார். நான் ஈரக் கோணியோடு நெருப்புக்குக் காவல் நின்றேன். பிறகு கம்பி பிரஷ், அதன் பிறகு துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு, இணைப்புகளில் சீலர், அடியில் தார் மாதிரியான கறுப்புப் பூச்சு. அந்தப் பதினொரு ஓட்டையையும் அதே இடங்களில் திறந்து விட்டார். ஒரு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றச் சொன்னார். பதினொரு இடத்திலும் கீழே கொட்டியது. நான் கை தட்டினேன்.

கெடு நாளுக்கு முந்தின நாள் ஆபீஸுக்குப் போனோம். என் கணவரும் கூட வந்தார். மேட் ஒன்றும் போடவில்லை, தரை முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"புதுசா பூசியிருக்கீங்க. உள்ள பட்டியா?"

"தட்டிப் பாருங்க சார்."

ஸ்பானரால் தட்டினார். டங். இன்னொரு இடம். டங். நம்பாமல் உள்ளே ஏறி நின்று, காலை ஓங்கி மிதித்தார். கனத்த மனிதர். என் உயிர் அவர் ஷூவுக்கு அடியில் இருந்தது. தரை அசையவில்லை. இறங்கினார், பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், பேப்பரில் எழுதினார்.

"அஞ்சு வருஷம்" என்றார்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. என் கணவர் பயந்துவிட்டார்.

"பாஸ் ஆயிட்சேம்மா. இன்னாத்துக்கு அழுவுற?"

"இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நான் ராட்டையில உக்கார வேணாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தார் சுத்தறது உனக்குப் புடிக்காதா?"

"புடிக்காது. ஒரு நாளும் புடிச்சதில்ல."

எங்களுக்குப் பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார். என் கணவர் கதவை இழுத்துச் சாத்தினார்.

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு, "வண்டிய எடு. ஏனாத்தூர்ல பாவு கேட்டுக்கினு இருக்காங்க."