கட்டில் பலகை கிட்டாரின் கீச்சுக்குரல்

தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் பட்டறையில் காலமெல்லாம் பிரஸ் மிஷின் ஓட்டியவர் அவர். தெருவில் எல்லோருக்கும் மூடிக்காரர். மனைவிக்கு மட்டும், குத்தலாக, 'எஞ்சினியர் சார்'. வீட்டில் எது ரிப்பேரானாலும் கடைக்குப் போக விடமாட்டார், தானே பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய் மகள், "எலக்ட்ரிக் கிட்டார் வாங்கணும்பா" என்றால் சும்மா இருப்பாரா? "வாங்குறதா? நான் எதுக்கு இருக்கேன்!" என்று பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அன்றைக்கே கழற்றிவிட்டார்.

மகள் பகலில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள், சாயங்காலம் தோழிகளோடு வாசிக்கிறாள். அதுவரை இரவல் கிட்டார்தான். வருகிற சனிக்கிழமை முதல் மேடை. அதில் தான் செய்த கிட்டாரோடு அவள் ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில்தான் எழுதி ஒட்டியிருந்ததே!

கிட்டார் என்னவோ பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் செருகி ஒரு தட்டு தட்டியதும்தான் வினை. மனைவி கரண்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கே!"

"கொஞ்சம் கீச்சுன்னு இருக்குப்பா" என்றாள் மகள், நாசூக்காக.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் காதுக்கு முத்து முத்தாக அல்லவா விழுந்தது? ஆனாலும் மகள் சொன்னாளே என்று தடித்த கம்பி மாட்டினார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைக் கீழே இறக்கிவைத்தார். ஒவ்வொரு தடவையும், "இப்ப வாசி, தேனா ஒழுகும்!" என்பார். அவள் வாசித்துப் பார்த்து, "பரவாயில்லப்பா" என்பாள். பிறகு இரவல் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விடுவாள். அந்தப் 'பரவாயில்ல' அவரை அரித்தெடுத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிட்டாரின் பின்மூடியைக் கழற்றி, அப்பாவும் மகளும் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள்.

"டோன் குமிழுக்கு ஒரு கெபாசிட்டர் இருக்கணுமேப்பா? கீச்சுச் சத்தத்தை அடக்குறதே அதுதானே?"

"அதைப் போட்டா ரொம்ப அமுங்கிப் போகுதும்மா. கழட்டிட்டேன். வால்யூம் கன்ட்ரோலும் கடையில இருந்ததிலேயே பெரிய ஓம் மதிப்புள்ளதாப் பார்த்துப் போட்டேன். அப்பத்தான் சத்தம் தெளிவா இருக்கு."

அதைக் கேட்டு மகள் முழித்தாள். அந்த நேரம் பார்த்துத் துணி துவைக்கும் மிஷின் வேலை முடித்துக் கீ கீ என்று கூப்பிட ஆரம்பித்தது.

"பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கீங்க? அது கத்துறது காதுல விழலையா?" என்று உள்ளேயிருந்து மனைவி சத்தம் போட்டாள்.

"எது கத்துது?" என்றார் அவர். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் முழங்கை மிஷின்மேல்தான் இருந்தது.

மனைவி வெளியே வந்தாள். அவளும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டறையில் கொடுத்த காதடைப்பான் சட்டைப்பையிலேயே கிடந்த கதை வீட்டுக்கே தெரியும். அந்த பிரஸ் இரைச்சல் அவர் காதிலிருந்து கீச்சென்ற உச்சிச் சத்தங்களையெல்லாம் சத்தமில்லாமல் தின்றுவிட்டிருந்தது.

"அப்ப கோளாறு கிட்டார்ல இல்ல" என்றார் மெதுவாக.

மனைவி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் ஒரு பைத்தியம். என் பேச்சைத்தான் வேணும்னே கேட்காம இருக்கீங்கன்னு இத்தனை நாளா சண்டை போட்டேனே!"

"அதுல பாதி வேணும்னேதான்" என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு சால்டரிங் அயர்னை எடுத்தார். "காது உன்னுது, கை என்னுது. நீ சொல்லு." கீச்சை அடக்கும் சின்ன மதிப்பு வால்யூம் கன்ட்ரோலைப் போட்டார். கெபாசிட்டரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒரு கட்டத்தில், "அப்பா, இதுதான்! தொடாதீங்க!" என்று மகள் துள்ளினாள். அவர் காதுக்கு அது போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. ஆனாலும் அதையே பற்றவைத்தார்.

சனிக்கிழமை மேடையில் அவள் தோளில் கட்டில் பலகைதான் தொங்கியது. கடைசி வரிசையில் அவர் மேடையைப் பார்க்கவேயில்லை; மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காதைப் பொத்தவில்லை.

"எப்படி இருக்கு? சொல்லேன்" என்று கேட்டார்.

அவள் அவர் காதோரம் குனிந்தாள். "இவ கைக்குழந்தையா இருந்தப்ப உங்க நெஞ்சுமேல படுத்துத் தூக்கத்துல முனகுவாளே, அந்த மாதிரி இருக்குங்க."

அவர் தலையாட்டினார். அந்தச் சத்தம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.