டாக்டரம்மாவின் நீலப் புள்ளி

டாக்டர் ரெத்னானிங் பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுக்கிறார். "வாயால சொல்லாத, விரலால காட்டு. ஒரே விரல்." கட்டிலில் கிடக்கும் கர்ப்பிணி எங்கே தொடுகிறாளோ அங்கே, வயிற்றுத் தோல்மேல், ஒரு நீலப் புள்ளி விழுகிறது. அப்புறம் மூடியைத் தேடுவார். கிடைக்காது. திறந்த பேனாவை அப்படியே பைக்குள் செருகிக்கொள்வார். அவருடைய வெள்ளைக் கோட்டுகளில் பையின் அடிப்பக்கம் நீலம் பாரிக்காத கோட்டு ஒன்றுகூடக் கிடையாது. துணி துவைக்கிறவள் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

சும்பிங் மலையடிவாரத்தில், புகையிலை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஆஸ்பத்திரியில் அவர் அறுவை மருத்துவர். ஐம்பதைத் தாண்டிய, கொஞ்சம் பருத்த, நிதானமான அம்மாள். நிதானம் என்றால் சாதாரண நிதானமா? சந்தையில் ஒரு பப்பாளி வாங்குவதற்குக் கடையில் உள்ள அத்தனை பப்பாளியையும் தட்டிப் பார்ப்பார். காரை எடுத்தால் பின்னால் புகையிலை லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். "போறவன் போகட்டுமே, ரோடு எங்க ஓடிப் போகுது?" என்பார். ஆனால் வயிற்று வலியோடு ஒரு கர்ப்பிணி வந்திருக்கிறாள் என்று சொல்லிப் பாருங்கள். வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு ஓடி வருவார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. அறுவை முடிந்ததும் கை கழுவப் போனால் வரமாட்டார். "அம்மா கை கழுவுறதுக்கே மலைத்தண்ணி பத்தாது போல," என்று மருத்துவச்சி வுர்யானி கேலி செய்வாள். எல்லா அறுவைக்கும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடலிறக்கத்துக்கு வரும் கிழவர்களைத் தைத்து அனுப்பிவிட்டு, கையை நனைத்தோம் என்று பேர் பண்ணிவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார். கர்ப்பிணி என்றால்தான் இந்தக் கூத்து.

கர்ப்பிணியின் வயிற்று வலியை நம்பவே முடியாது. குழந்தை வளர வளரக் கருப்பை குடலை மேலே தள்ளும். கீழே வலப்புறம் கிடக்க வேண்டிய குடல்வால் விலா எலும்புப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அது வீங்கினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தியை மசக்கை என்பார்கள், வலியைச் சூட்டு வலி என்பார்கள். இங்கே காய்ச்சலோ வலியோ எது வந்தாலும் உடம்புக்குள் காற்று பூந்துவிட்டது என்பார்கள். முதுகில் எண்ணெய் தடவிக் காசால் சுரண்டிக் காற்றை வெளியேற்றுவார்கள். டாக்டரும் சளி பிடித்தால் தன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறவர்தான். "சளின்னா சுரண்டுங்க, நானே வேணாங்கல. வயித்துக்குள்ள இருக்கிறது காசுக்கு மசியாது."

புகையிலை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது திதிசாரி வந்தாள். ஆறு மாதம், தலைச்சன் பிள்ளை. கூடவே மாமியார் கஸ்மியும் கணவன் பார்யோனோவும். அவள் காட்டிய இடத்தில், தொப்புளுக்கும் மேலே வலப்பக்கம், புள்ளி விழுந்தது.

"இப்ப இடது பக்கமா ஒருக்களிச்சுப் படும்மா."

அவள் திரும்பினாள். முதுகு முழுக்கச் சிவப்பு வரிகள்.

"இது யாரு கைவேலை?"

"நான்தாங்கம்மா," என்றார் கஸ்மி. "ரெண்டு நாளா சுரண்டுறேன், காத்து எறங்க மாட்டேங்குது."

"நல்ல பலமான கை. வயலுக்குப் போயிருந்தா நாலு ஆள் வேலை நடந்திருக்கும்."

கஸ்மி மருமகளின் துணியை இழுத்து அந்த வரிகளை மூடினார்.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒருக்களித்தால் கருப்பை இடப்பக்கம் சாயும். வலியும் கூடவே சாய்ந்துவிட்டால் அது கருப்பையின் வலி. சாயாமல் பழைய இடத்திலேயே நின்றால் குடல்வாலாக இருக்கலாம். சற்றுப் பொறுத்துப் புள்ளியின்மேல் மெல்ல அழுத்தினார். திதிசாரி கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"அங்கதாம்மா. அதே எடம்தான்."

ஸ்கேனில் குடல்வால் கண்ணில் படவில்லை. இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்றார் ஸ்கேன் டாக்டர். "நாளைக்கு அது வெடிச்சிருந்தா என்னத்தப் பார்ப்பீங்க?" என்று கேட்டுவிட்டு ரெத்னானிங் திதிசாரியின் கட்டிலுக்குத் திரும்பி வந்து, இன்றைக்கே குடல்வாலை எடுத்துவிட வேண்டும் என்றார்.

"ஏழாம் மாசச் சடங்குகூட ஆகல," என்றார் கஸ்மி. "அதுக்குள்ள வயித்துல கத்தி வைக்கலாமா?"

"சடங்கை அமர்க்களமா வைங்க. காரமா ருஜாக் பண்ணுங்க, அந்தப் பழக் கலவைய நான் வந்து ரெண்டு தட்டு திங்கிறேன். அதுக்கு இவ இருக்கணும்ல?"

திதிசாரி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா. கத்தி வச்சாலும் பயம்தான். வைக்காம விட்டு உள்ள வெடிச்சா, புள்ளைக்கும் உனக்கும் அதைவிடப் பெரிய பயம். அதனாலதான் வைக்கிறேன்."

பார்யோனோ அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள்; திதிசாரி விழித்தே இருந்தாள். குழந்தையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை நசுக்காதபடி வலது இடுப்புக்கு அடியில் மடித்த துணி வைத்து அவளை இடப்பக்கம் சாய்த்தார்கள். நீலப் புள்ளி இருந்த இடத்திலேயே டாக்டர் வயிற்றைத் திறந்தார். குடல்வால் அங்கேதான் இருந்தது. வீங்கிக் கறுத்து, இன்றோ நாளையோ என்று இருந்தது. உடையாமல் முழுசாக வெளியே வந்தது.

தையல் முடிந்ததும் வுர்யானி சின்னக் கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடத் தொடங்கினாள். ரெத்னானிங் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூலைத் தொட்டிக்குப் போனார். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.

கருவியில் மெதுவாக ஏதோ துடித்தது. "இதுவா?" என்றாள் திதிசாரி.

"இது உன்னோடதும்மா. செத்த இரு."

கருவி கீழே நகர்ந்தது. வெறும் கரகரப்பு. இடப்பக்கம் போனது. அங்கேயும் கரகரப்பு. திதிசாரி வுர்யானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நுரையெல்லாம் எப்போதோ போய்விட்ட கைகளை டாக்டர் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வுர்யானி கருவியை அடிவயிற்றில் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கேட்டது. வேகமாக, மூச்சு விடாமல், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு.

"இங்க வந்து ஒளிஞ்சிருக்கான் போக்கிரி," என்றாள். திதிசாரி அழ ஆரம்பித்தாள்.

ரெத்னானிங் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கையால் தள்ளிக் குழாயை மூடினார். ஈரம் சொட்டும் கைகளை அப்படியே தூக்கிப் பிடித்தபடி, சுவரைப் பார்த்து நின்று அந்தத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.